மூன்றாம் பக்கம், கடைசி

கோரைப்பட்டினத்தில் வீடுகள் இடம் மாறத் தொடங்கிய வெள்ளிக்கிழமையன்று, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த ஆண்கள் வழக்கம்போல முதலில் செருப்பைத் தேடினார்கள், பிறகு வீட்டைத் தேடினார்கள், இரண்டும் கிடைத்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தபோது வீடுகள் இன்னும் நாலு இடம் தள்ளிப் போயிருந்தன. கடற்கரை முனையிலிருந்து உப்பளத்தை நோக்கி ஒவ்வொரு வீடும் ஒரு வீட்டின் அகலம் நகர்ந்து, அடுத்த வீடு நின்ற இடத்தில் போய் நின்றது; ஒரு தெருவுக்கு இருபது வீடு, இருபதாவது வீடு மூலை திரும்பி அடுத்த தெருவின் முதல் வீடானது; ஊரின் கடைசித் தெருவில், உப்பளத்தின் ஓரத்தில், எப்போதும் வெள்ளைப் புழுதி படிந்து நின்ற கடைசி வீடு, ஒன்றுமே நடக்காததுபோலக் கடற்கரைக்கு வந்து, ஊரின் முதல் வீடாக ஜன்னலைத் திறந்து காற்று வாங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு சின்ன உலுக்கல்தான். அடுப்பில் இருந்த பால் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதில் கொல்லைவாசல்கள் சேரவில்லை. அந்த ஊரில் ஆண்கள் நடக்கத் தெருவும், பெண்கள் நடக்க வீடுகளுக்குப் பின்னால் முடுக்கும் உண்டு. முடுக்கு என்றால் இரண்டு ஆள் அகலத்துக்குச் சந்து, அதற்குப் பெயரும் கிடையாது, அதில் திறக்கும் கதவுகளுக்கு எண்ணும் கிடையாது. தெருவாசல்கள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முடுக்கில் திறந்த வாசல்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. கொல்லை வழியே நுழைந்து கூடத்தைக் கடந்து தெருக்கதவைத் திறந்தால் அன்றைக்கு எந்தத் தெரு வாய்க்கிறதோ அந்தத் தெரு. மீன் வாங்கப் போக வேண்டிய பெண்கள் யாருடைய தெருவாசல் இப்போது கடலுக்கு அருகே இருக்கிறது என்று விசாரித்து, அவர்கள் வீட்டுக் கொல்லையில் நுழைந்து, நலம் கேட்டு, ஒரு வாய்த் தேயிலை குடித்து, முன்வாசலில் நின்றபடியே மீனை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

எதனால் நகர்கிறது என்பதைக் கடற்கரை முனையில் டீக்கடை வைத்திருந்த மொகுதூம் காக்காதான் கண்டுபிடித்தார். ஊரின் இணையதளத்தைப் போனில் திறந்து, புதிதாக வந்த கருத்துகளை டீ குடிப்பவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டுவது அவருடைய பல வருட வழக்கம். ஹாங்காங்கிலிருந்து யாரோ "நல்ல செய்தி, வாழ்த்துகள்" என்று எழுதியதை அவர் படித்து வாய் மூடுவதற்குள் எதிர்வீட்டு வாசல் மாறியது. ஜித்தாவிலிருந்து வந்த அடுத்ததைப் படித்தார். மறுபடி மாறியது.

"ஒரு கமெண்டுக்கு ஒரு வூடு," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊரில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரை ஆட்டிவைப்பது புதிதா என்ன?

அந்த இணையதளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் வந்த எத்தனையோ செய்திகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர. 'கடற்கரைச் சாலையில் விளக்கு எரியவில்லை' என்ற அந்தச் செய்தியின் கீழ் முதலில் விளக்கைப் பற்றி எழுதினார்கள், பிறகு பஞ்சாயத்தைப் பற்றி, பிறகு ஒருவரைப் பற்றி ஒருவர். விளக்கு எரிந்து, அணைந்து, கம்பமே துருப்பிடித்து விழுந்து, புதுக் கம்பம் வந்த பிறகும் எழுதுவது நிற்கவில்லை. கொழும்பிலும் துபாயிலும் மண்ணடியிலும் கடை வைத்திருந்தவர்கள், பிள்ளை பிறந்தால் அங்கே எழுதினார்கள், மவுத்துச் செய்தி வந்தால் அங்கேயே துஆ செய்தார்கள், வட்டலப்ப இனிப்புக்கு எத்தனை முட்டை என்று சண்டை போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது கருத்து. புதியது மேலே வந்து உட்கார, பழையது ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கும். இருபதாவது அடுத்த பக்கத்துக்குப் போகும். இன்று முதல் பக்கத்தில் முழங்கியவன் நோன்புப் பெருநாள் வருவதற்குள் நாற்பதாம் பக்கத்தில் கிடப்பான். யாராவது ஒரு கருத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டுமென்றால் "ஏழாம் பக்கம், மேலேருந்து மூணாவது" என்று சொல்லி அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்புவார்கள். வாங்கியவன் திறப்பதற்குள் அங்கே வேறொருவன் நின்றுகொண்டிருப்பான். பெயரை வைத்துத் தேடலாம் என்றால், ஊரில் ஆண்களில் பாதி செய்யிது, பெண்களில் பாதி ஜெய்னம்பு.

அந்தத் தளத்தை நடத்தியவளும் ஒரு ஜெய்னம்புதான். கல்யாணத்துக்கு முன்பே தபால் வழியில் கம்ப்யூட்டர் படித்தவள், நாற்பதைத் தொட்டவள், பிள்ளை இல்லாதவள். அவள் கணவன் உவைஸ் கப்பலில் மோட்டார் பார்ப்பவன். அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து தங்குகிறவன்; அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. ஒருநாள் ஏதோ அற்பச் சண்டையில், மீன்குழம்பில் தொடங்கி எங்கெங்கோ போன சண்டையில், ஜெய்னம்பு அதைச் சொல்லிக்காட்டிவிட்டாள். "இது என் வூடு. என் வூட்டுக் கதவை நான் எப்ப வேணும்னாலும் பூட்டுவேன்" என்றாள். உவைஸ் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது கதவு உண்மையிலேயே தாழிட்டிருந்தது. அவன் தட்டவில்லை. தட்டினால் திறந்திருப்பாள், கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள், அவன் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போனது. அன்றிலிருந்து அவள் அந்தக் கதவைத் தாழிடவே இல்லை.

சில மாதம் கழித்து விளக்குச் செய்தியின் கீழ் ஒரு கருத்து வந்தது, பெயரில்லாமல். 'கோரைப்பட்டினத்தில் ஒரு கதவைத் தட்டலாமா?' ஊரே அதைப் படித்துச் சிரித்தது. ஜெய்னம்பு மட்டும் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் செய்ய ரோஷம் விடாத மனுஷன், ஊர் முழுக்கப் படிக்கும் இடத்தில் வந்து கேட்கிறான்! 'வாங்க. தாழ் போடல' என்று எழுதி ஜெய்னம்பு என்று பெயர் போட்டாள். எழுதிவிட்டாளே தவிர, அதை அவனுக்குச் சொல்ல அவளுக்கும் ரோஷம் விடவில்லை. நாள்கள் போயின, அவள் சொல் படிப்படியாக இறங்கி மூன்றாம் பக்கத்தின் கடைசிக்கு வந்த பிறகுதான், ஒரு வியாழக்கிழமை, அந்தப் பக்கத்தின் லிங்க்கை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'பதில் அங்க இருக்கு. மூணாம் பக்கம், கடைசி.' கப்பல் கடலில் இருந்ததோ என்னவோ, சனிக்கிழமைதான் நீல டிக் விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது.

படித்தும் வரவில்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாங்க என்று ஊரறியச் சொல்லியும் வராதவனை நினைத்து அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அப்படியும் கதவைத் தாழிடவில்லை. இப்போது பார்த்தால் அந்தக் கதவும் ஊரோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டது. ஒருவேளை அவன் வந்தால், இரண்டாம் தெருவில் பழைய இடத்துக்குத்தான் போவான். அங்கே வேறு யாராவது கதவைத் திறப்பார்கள், அவன் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். அவனைத்தான் அவளுக்குத் தெரியுமே, இரண்டாவது முறை கேட்கிற ஆள் இல்லை.

ஊர் அதற்குள் பழகிப்போயிருந்தது. தபால்காரர் பொன்னுலிங்கம் காலையில் வந்ததும் மொகுதூம் காக்கா கடையில் ஒரு டீ குடித்து, ஊர் இதுவரை எத்தனை கதவு நகர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, மனக்கணக்குப் போட்டபடி சைக்கிளை எடுப்பார்; பாதி வழியில் துபாய்க்காரர்கள் விழித்துக்கொண்டால் கணக்கு போயிற்று. கேஸ் சிலிண்டர்காரர்கள் கூடுதல் காசு கேட்டார்கள். இரண்டு தலைமுறையாகப் பேசாத அண்ணன் தம்பி வீடுகள் எதிரெதிரே வந்து நின்றபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு இரவு முழுக்க வெளிநாட்டில் யாரும் எழுதவில்லை, வேண்டுமென்றே எழுதவில்லை என்று பிறகு தெரிந்தது. விடியும்போது ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு இடியாப்பம் போனது. உப்பளத்து ஓரத்தில் காலமெல்லாம் கிடந்த குடும்பங்கள், தங்கள் வாசல் கடற்கரைக்கு வரும் நாளில் பாய் விரித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பூச்சட்டை போட்டுவிட்டு, வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். அவர்களும் இத்தனை வருஷம் அதே ஊரில்தான் இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெண்கள் கடலைப் பார்த்த பார்வையைப் பார்த்தவர்கள், குறுக்கே நின்று மறைக்காமல் ஒதுங்கிப் போனார்கள். ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் பெண்வீடு என்று நினைத்து வேறொரு ஜெய்னம்பு வீட்டில் இறங்கி, அந்த வீட்டாரும் வந்தவர்கள் விருந்தாளிகள் ஆயிற்றே என்று பன்னீர் தெளித்து சர்பத் கொடுத்து உட்காரவைத்து, மாப்பிள்ளை பெண்ணின் தகப்பனைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வீட்டாரும் சிரித்துச் சம்பந்தம் போலாகிவிட்டார்கள்.

அந்தக் கல்யாணத்தின் பெண்கள் பந்தியில்தான் தளத்தை நடத்தும் ஜெய்னம்புவின் தலையில் இடி விழுந்தது. நாலு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம், அதற்கு சஹன் என்று பெயர். அவளுடைய சஹனில் எதிரே உட்கார்ந்தவள் மாதர் சங்கத்தை நடத்தும் இன்னொரு ஜெய்னம்பு, ஊரில் சங்கத்து ஜெய்னம்பு என்பார்கள், நாலு பேர் இருக்கும் இடத்தில் நாற்பது பேருக்குக் கேட்கப் பேசுவாள்.

"ஏ தங்கச்சி, நீ நடத்துற சைட்டுக்கு என்ன ஆச்சு சொல்லு. என் கமெண்டு ஒண்ணு, பழசு, நல்ல சூடான கமெண்டு. லிங்க்கு பத்திரமா வச்சிருக்கேன், தொறந்தா எவனோ முட்டைக் கணக்கு சொல்லிட்டிருக்கான். எடுத்துத் தா."

"எந்தப் பக்கம் ராத்தா?"

"மூணாம் பக்கம், கடைசி."

ஜெய்னம்புவின் கை சோற்றில் நின்றது. "என்ன எழுதியிருந்தீங்க?"

"அதான், நாங்க நடுற வெளக்குக் கம்பத்துக்கு ஆம்பிளைங்க வர்றோம்னு சங்கத்துக்கு ஆள் மேல ஆள் அனுப்புனாங்கல்ல. நறுக்குன்னு எழுதுனேன். 'யாரும் வர வேண்டாம். எங்க வேலையை நாங்களே பாத்துக்குவோம்.' அம்புட்டுத்தான். கீழ ஜெய்னம்புன்னு பேரு."

"லிங்க்கை என்னைக்கு எடுத்தீங்க?"

"மழை கொட்டி பஸ்ஸே ஓடலல்ல, அந்தச் சனிக்கிழமை. அன்னைக்குத்தான் எல்லாருக்கும் அனுப்புனேன். ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கே?"

அந்த மழைச் சனிக்கிழமையை ஜெய்னம்பு மறக்கவில்லை. அன்றைக்குத்தான் நீல டிக் விழுந்தது. வியாழனன்று அவள் அனுப்பிய இடத்தில் அவளுடைய சொல்தான் இருந்தது. சனியன்று அவன் திறந்தபோது அவள் சொல் நாலாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டது, அதே இடத்தில், அதே பெயரோடு, யாரும் வர வேண்டாம் என்று இன்னொருத்தி நின்றிருக்கிறாள். நாள் முழுக்கப் பக்கங்கள் சரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள்தான் ஜெய்னம்பு. ஊரார் சொல்லெல்லாம் சரியும், தன் சொல்லும் சரியும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் ஒருமுறை கேட்டான். பதிலைப் படித்தான். போய்விட்டான். இத்தனை வருஷம் ஒரு வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்தக் கதவில் தன் பெயராலேயே தாழ்ப்பாள் போட்டிருந்ததை அறியாமல் உட்கார்ந்திருந்தாள். சஹனிலிருந்து எழுந்து கைகழுவப் போனவள் கொல்லைக் கிணற்றடியில் நின்று வாய்விட்டு அழுதாள். துக்கம் பாதி, ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் பாதி. அவன் வர மறுக்கவில்லை! அவனுக்குச் சொல்லப்படவே இல்லை!

மாப்பிள்ளை வீடு மாறிப்போன கதை ஜமாஅத்துக்குப் போய், தலைவர் புகாரி ஹாஜியார் கருத்து எழுதுவதை மூடிவிடச் சொன்னார். ஜெய்னம்பு மூடினாள். வீடுகள் நின்றன. ஊரில் ஒரு அமைதி இறங்கியது, முதல் நாள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது, ஒன்றுமில்லை, சும்மாதான், என்று சொல்லிவிட்டு வைக்க மனமில்லாமல் இருந்தார்கள். அந்த வாரம் உப்பளத்து ஓரத்தில் மாட்டிக்கொண்ட வீடு யாருடையது என்றால், புகாரி ஹாஜியாருடையது. வெள்ளைப் புழுதியைத் துடைத்தபடி அவரே ஆள் அனுப்பினார். "தொறந்து விடச் சொல்லுங்க. எழுதட்டும், பாவம். புள்ளைங்க பேசாம இருந்தா நல்லாவா இருக்கு?"

பேச்சு வேண்டும் என்றால் சரிவும் உண்டு. சரியாத இடம் என்று ஒன்று கிடையாது. ஜெய்னம்பு இதையே நினைத்து நினைத்து மண்டை காய்ந்துகொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒருத்தி முடுக்கில் அவளைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

"நீ உங்க உம்மாவுக்கு எத்தனாவது புள்ளம்மா?"

"மூணாவது."

"மூத்தவங்க ரெண்டு பேரும் எங்க இருக்காங்க?"

"ரெண்டும் பொறந்த சூட்டோட மவுத்தாப் போச்சு."

"அப்ப நீதான் மூத்தவ."

"இல்ல மாமி, நான் மூணாவதுதான்," என்றாள் ஜெய்னம்பு, சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். வாழ்நாள் முழுக்க, யார் கேட்டாலும், யோசிக்காமல் அவள் சொல்லிவந்த பதில் அது. உம்மா அப்படித்தான் எண்ணினாள், மவுத்தாகும் வரை அப்படித்தான் எண்ணினாள். மேலே இருந்தவர்கள் போனாலும், கீழே எத்தனை பேர் பிறந்தாலும், மூன்றாவது மூன்றாவதுதான். மூன்றாவது இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாள், யாருக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்பதெல்லாம் வேறு கணக்கு. வந்தவளுக்கு விடைகூடச் சொல்லாமல் ஜெய்னம்பு உள்ளே ஓடினாள்.

அன்றிலிருந்து அவள் செய்த வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் நாள் பிடித்தது. தளத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு கருத்துக்கும், முதல் நாள் முதல் எழுத்திலிருந்து, அது பிறந்த வரிசையில் ஓர் எண் கொடுத்தாள். ஒரு கருத்தை அழித்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குத் தரமாட்டாள். அந்த எண்ணையே அதன் லிங்க் ஆக்கினாள். லிங்க்கைத் தொட்டால் தளம் அந்த நொடியில், இந்த எண்ணுக்கு மேலே இப்போது எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி, இருபது இருபதாகக் கழித்து, இன்றைக்கு அது எந்தப் பக்கத்தில் எத்தனாவதாக நிற்கிறதோ அங்கே கொண்டுபோய், அதன் முன்னால் நிறுத்தும். கருத்து சரிந்துகொண்டே இருக்கலாம், சரியட்டும். லிங்க் அதன் பின்னாலேயே போகும். எல்லாம் முடிந்ததும் அவள் முதலில் தொட்டது தன்னுடையதைத்தான். எங்கோ ஐந்நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில், வட்டலப்பத்துக்கும் ஒரு மவுத்துச் செய்திக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. 'வாங்க. தாழ் போடல.' இத்தனை ஆழத்தில் கிடந்தும் ஓர் எழுத்து குறையவில்லை. அவள் திரையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

இதனால் தெருவிலும் ஒரு வசதி உண்டாயிற்று. அதையும் ஊர் அதிகம் அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டாருடைய கருத்தின் லிங்க்கைப் போனில் திறந்து கையில் பிடித்துக்கொண்டு ஊரின் எந்த மூலையிலிருந்து நடந்தாலும், கால்கள் தாமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, அந்த வீட்டின் வாசலில் போய் நின்றன. பொன்னுலிங்கம் மனக்கணக்கை விட்டார். வெளியூர் விருந்தாளிகள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்து, படி தட்டி நின்று, கண்ணைத் திறந்து 'சுப்ஹானல்லாஹ்' என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன ஒரு கிழவர் பினாங்கிலிருந்து வந்து இறங்கினார். விளக்குச் செய்தியில் தன் தங்கை எழுதிய ஒரே ஒரு வரியின் லிங்க்கைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்துபோனபோது, வீடுகள் அவருக்கு இருபுறமும் நகர்ந்துகொண்டிருந்தன, அவர் மட்டும் தயங்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், ஏன் எழுந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெய்னம்புவுக்கு வேண்டியது ஒரே ஒருவனுடைய கையில் அந்த லிங்க் போய்ச் சேர்வது. அவனுடைய போன் எண் இல்லை, கப்பல் பெயர் தெரியாது. கப்பலில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அவர்கள் அடுத்த கப்பல்காரர்களுக்கு அனுப்பினார்கள். எந்தத் துறைமுகத்தில் எவன் கையில் கொடுத்தாலும், எத்தனை போன் மாறினாலும், திறந்தவர் எல்லோருக்கும் அது அவளுடைய சொல்லையே காட்டியது. மலையாளத்தானும் வங்காளியும் தமிழ் தெரியாமலேயே அதைத் திறந்து பார்த்து அடுத்தவனுக்குத் தள்ளினார்கள். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. சங்கத்து ஜெய்னம்பு வந்து, "என் வாய்தான் தங்கச்சி உன் குடியைக் கெடுத்துச்சு," என்று கேவிக் கேவி அழுதாள். "உங்க வாய் இல்ல ராத்தா, நான் அனுப்புன லிங்க்கு," என்று ஜெய்னம்பு அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின், ஊர் உண்டு அயர்ந்திருந்த நேரத்தில், வீடுகள் ஒரு இடம் நகர்ந்தன. ஜெய்னம்புவின் அடுப்பில் பால் சாய்ந்து நிமிர்ந்தது. புதிதாக யார் எழுதியது என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தில், முதலில், பெயரில்லாமல் இருந்தது.

'வாசலில்தான் நிற்கிறேன். தட்டலாமா?'

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது. அப்போது பக்கத்து வாசலில் செய்யிதா மாமியின் குரல் கேட்டது: "யாரு வேணும்? எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

லிங்க்கைப் பிடித்துக்கொண்டு சரியாக அவள் வாசலில்தான் அவன் வந்து நின்றிருக்கிறான். நின்றவன் தட்டியிருக்கலாம். தட்டவில்லை, எழுதினான், எழுதியதும் கதவு அவன் முன்னாலிருந்து ஒரு வீடு தள்ளிப் போய்விட்டது. செய்யிதா மாமியின் வாசலில், தாடி நரைத்து, ஒரு தோள்பையோடு, போனைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக உவைஸ் நின்றுகொண்டிருந்தான். திரும்பினான். அவளைப் பார்த்தான்.

"ஜெய்னம்பு, இப்பத்தான் இங்க இருந்துச்சு..." என்றான்.

"வாங்க!" என்று கத்தினாள் அவள். "சீக்கிரம் வாங்க!"

அவன் ஓர் அடி வைத்தான். அதற்குள் செய்யிதா மாமிக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. "உவைஸு வந்துட்டாக!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவின் இருபது கதவும் திறந்தன, இருபது வாசலிலும் போன்கள் வெளியே வந்தன, எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்குச் செய்தியின் கீழ் எழுதத் தொடங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று ஒருவர் எழுத வீடுகள் ஓர் இடம் நகர்ந்தன. வந்துவிட்டார் என்று இன்னொருவர் எழுத இன்னும் ஓர் இடம். துபாய் எழுந்தது, கொழும்பு எழுந்தது, ஹாங்காங் கடையைப் பாதியில் விட்டுவிட்டு எழுதியது. வீடுகள் ஒவ்வோர் இடமாய், பிறகு மூன்று நான்கு இடமாய், தெருவே ஒரு பக்கமாக ஓடுவதுபோல நகர, உவைஸ் பையைப் போட்டுவிட்டு அந்தக் கதவைத் துரத்தி ஓடினான். படியில் நின்றபடி அவள் கை நீட்டினாள். அவன் எட்டும்போது கதவு ஒரு வீடு தள்ளிப் போனது. மூச்சிரைத்தான். தெருமுனை வந்துகொண்டிருந்தது, மூலை திரும்பினால் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

கதவின் நிலையைப் பிடித்திருந்த கையை ஜெய்னம்பு பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் காத்த வாசல் அது.

கையை விட்டாள். பட்டப்பகலில், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆண்கள் நடக்கும் அந்தத் தெருவில் குதித்து இறங்கினாள். வீடு அவள் இல்லாமலேயே மூலை திரும்பிப் போயிற்று, கதவு விரியத் திறந்தபடி, அடுப்பில் பால் கொதித்தபடி. தெரு முழுக்க எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. உவைஸ் முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"வூடு போயிருச்சே," என்றான்.

"போகட்டும்," என்றாள் ஜெய்னம்பு. அவன் கையிலிருந்த போனை வாங்கி, தன் பழைய சொல்லின் லிங்க்கைத் தொட்டு, மறுபடி அவன் கையில் வைத்து, அந்தக் கையையும் பிடித்துக்கொண்டாள். "நடங்க."